ஹவில்தாரின் பொறுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிப்பாயாகச் சேர்ந்த என் தம்பி இப்போது நாயக் ஆகியிருக்கிறான். தன்னைக் ‘கமிஷன் பெறாத அதிகாரி’ என்கிறான். அதிகாரி என்றான பிறகு அதில் பெற்றது என்ன, பெறாதது என்ன?

பதில்: கமிஷன் என்பது நாட்டின் தலைவர் பெயரால் வழங்கப்படும் அதிகார ஆணை. அதைப் பெற்று லெப்டினன்டாகப் பணியைத் தொடங்குபவர் கமிஷன் பெற்ற அதிகாரி. உங்கள் தம்பியோ சிப்பாயாக நுழைந்து, அதே வரிசையில் நின்று, மேலே வந்தவர். இந்திய ராணுவத்தில் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் ஆகியோர் இந்த வகையினர். வேறு பல நாடுகளில் கார்ப்பரல், சார்ஜென்ட் என்பார்கள். நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோர் இளநிலை கமிஷன் அதிகாரிகள் என்னும் தனி அடுக்கு. பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒருவரிடம் இல்லாததைக் கொண்டு அவருக்குப் பெயரிடும் இந்த வழக்கம் எனக்கு என்றுமே உவப்பாக இருந்ததில்லை, ஏனெனில் அவரிடம் இருப்பது மிகப் பெரிது. விடிவதற்குள் எதிரே உள்ள மேட்டைக் கைப்பற்ற வேண்டும் என்று தீர்மானிப்பது அதிகாரியின் வேலை. அந்த மேட்டில் ஏறப்போகும், ‘செக்‌ஷன்’ எனப்படும் பத்துப் பேர் குழுவில் இயந்திரத் துப்பாக்கியைச் சுமப்பவர் யார், நேற்றிலிருந்து இருமிக்கொண்டிருப்பவரை எந்த இடத்தில் நிறுத்தினால் சத்தம் காட்டிக்கொடுக்காது, ஒவ்வொருவரிடமும் எத்தனை தோட்டா, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பவற்றையெல்லாம் பார்ப்பது செக்‌ஷன் கமாண்டரான நாயக் அல்லது ஹவில்தாரின் வேலை. உத்தரவு காகிதத்திலிருந்து காலுக்கு இறங்கும் இடம் அவர்தான்.

கேள்வி: நேற்று வரை பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நண்பர்களுக்கு இன்று கட்டளையிடுவது எப்படி? அவர்கள் கேட்பார்களா?

பதில்: பதவி உயர்வில் மிகக் கடினமான பகுதி இதுதான். புதிதாகக் கைச்சட்டையில் பதவிப் பட்டை தைத்துக்கொண்டவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் பழைய தோழமையை விட மனமில்லாமல், கசப்பான வேலையை யாருக்கும் கொடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். வேறு சிலர் தோழமையை ஒரே நாளில் அறுத்துவிட்டுக் குரலை மட்டும் உயர்த்துகிறார்கள். இரண்டாவது தவறு வெளியே பளிச்சென்று தெரியும். முதலாவது மெதுவாக அரிக்கும்.

இரவுக் காவல் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி முதல் நான்கு மணி வரையான காவலை எவரும் விரும்புவதில்லை. தூக்கம் இரண்டு துண்டாகிவிடும். அந்த நேரம் தன் நெருங்கிய நண்பனுக்கு மட்டும் வராமல் ஒரு நாயக் பார்த்துக்கொண்டால், அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்; ஆனால் மூன்றாம் நாள் முழு செக்‌ஷனுக்கும் தெரிந்திருக்கும், அதன்பின் அவர் சொல்லும் எதற்கும் எடை இருக்காது. நண்பனின் பெயரையும் மற்றவர்களின் பெயரைப் போலவே முறை வைத்து எழுதி, அவன் காவல் நிற்கும்போது தானும் ஒருமுறை எழுந்து சென்று பார்த்துவிட்டு வந்தால், நட்பும் நிற்கும், சொல்லும் நிற்கும்.

அக்கறையும் கட்டளையும் வேறுவேறல்ல என்பதை நீண்ட நடைக்குப் பிறகு பார்க்கலாம். எல்லோரும் களைத்து உட்கார்ந்துவிட்ட பிறகு, தன் களைப்பைத் தள்ளி வைத்துவிட்டு, டார்ச் விளக்கோடு ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, “பூட்ஸைக் கழற்று” என்கிறார் செக்‌ஷன் கமாண்டர். “ஒன்றுமில்லை” என்கிறான் இளைஞன். கழற்றினால், ஈரக் காலுறைக்குள் குதிகால் வெளுத்து ஊறிப்போய், நாணயம் அளவுக்குக் கொப்புளம் கட்டியிருக்கிறது. காலைத் துடைத்து உலர்த்தச் சொல்லி, மாற்றுக் காலுறையைத் தன் கண் முன்னாலேயே போட வைத்து, மருத்துவ உதவியாளரிடம் அனுப்புகிறார். அந்தக் கொப்புளம் அன்று கவனிக்கப்படாவிட்டால் மறுநாள் நின்றுபோவது ஒரு கால் மட்டுமல்ல, அவனைச் சுமக்க இருவர், அவன் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள இன்னும் இருவர் என்று பாதி செக்‌ஷனே நின்றுவிடும். இப்படித் தன் காலைப் பார்த்தவர் நாளை “எழுந்து நட” என்றால் அவன் எழுவான்.

கேள்வி: கத்தாமல் கட்டளையிட முடியாதா?

பதில்: அணிவகுப்பு மைதானத்தில் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக உரத்த குரல் தேவை. வேறெங்கும் அது கட்டாயமில்லை. இரவு ரோந்தில் கையசைப்பே கட்டளை. எப்போதும் கத்துபவருடைய குரலிலிருந்து உண்மையான அபாயத்தை ஆட்களால் பிரித்தறிய முடியாமல் போகும்.

கேள்வி: இந்தப் பொறுப்புகள் எப்போது வரையறுக்கப்பட்டன?

பதில்: படை எவ்வளவு பழையதோ, ஏறத்தாழ அவ்வளவு பழையது இந்தப் பதவி, ரோமானியப் படையில் நூற்றுவர் தலைவருக்குத் துணையாக ‘ஆப்டியோ’ என்பவர் இருந்தார். ஆனால் பொறுப்புகளை எழுத்தில் தெளிவாக வகுத்தவர்களில் முக்கியமானவர், பிரஷ்யப் படையில் பணியாற்றிய ஃபிரெடரிக் வான் ஸ்டூபன். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1778 பிப்ரவரியில் வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்து, அமெரிக்கத் தளபதி வாஷிங்டனின் படைக்குப் பயிற்சி அளித்தார். அடுத்த ஆண்டு வெளியான அவருடைய விதிநூல், ஒரு ரெஜிமென்டின் ஒழுங்கு பெரிதும் கமிஷன் பெறாத அதிகாரிகளின் நடத்தையைப் பொறுத்தது என்பதால், தகுதியும் நன்னடத்தையும் உள்ளவர்களை மட்டுமே அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்கிறது.

அதில் என்னை மிகவும் ஈர்ப்பது, ரெஜிமென்டின் உட்பிரிவான கம்பெனியின் முதல் சார்ஜென்டுக்கு வகுத்த கடமைகள். கம்பெனியின் ஒவ்வொரு வீரரின் இயல்பையும் அவர் நெருக்கமாக அறிந்திருக்க வேண்டும். முழுக் கம்பெனியும் புறப்பட்டால் அன்றி அவர் வேறு பணிக்குப் போகக்கூடாது. யார் அழைத்தாலும் கிடைக்கும்படி முகாமிலேயே இருக்க வேண்டும். ஆட்களை அறிந்திருப்பதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் குணநலன்களாக அல்ல, கடமைகளாகவே அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஹவில்தார், புதிதாக வந்த லெப்டினன்டின் முடிவு தவறென்று கண்டால் என்ன செய்யலாம்?

பதில்: சொல்ல வேண்டும், சொல்லலாம் அல்ல, சொல்ல வேண்டும். ஆனால் ஆட்கள் முன்னிலையில் அல்ல. தனியே அழைத்து, “சார், அந்த ஓடை வழி குறுக்குவழிதான், ஆனால் இரவு மழை பெய்திருப்பதால் சுமையோடு கடக்க முடியாது, மேட்டு வழியே போனால் ஒரு மணி நேரம் கூடும், ஆட்கள் முழுதாகப் போய்ச் சேருவார்கள்” என்று, குறையோடு மாற்று வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்ட பிறகும் அதிகாரி தன் முடிவில் நின்றால், அது சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கும்வரை, அதைத் தன் சொந்த முடிவைப் போலவே நிறைவேற்ற வேண்டும். “நான் அப்போதே சொன்னேன்” என்று ஆட்களிடம் முணுமுணுக்கும் ஹவில்தார் தன் அதிகாரியைக் கெடுப்பதோடு தன் சொல்லையும் கெடுத்துக்கொள்கிறார். கைதியையோ பொதுமக்களையோ துன்புறுத்தச் சொல்லும் உத்தரவு வேறு வகை. அதை மறுப்பதும், தன் ஆட்கள் அதைச் செய்யாமல் தடுப்பதும் அவருடைய கடமை. அந்த நேரத்தில் அங்கே பட்டை அணிந்து நிற்பவர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான்.

கேள்வி: போர்க்களத்தில் அதிகாரி அருகில் இல்லாவிட்டால்?

பதில்: நாயக் ஜதுநாத் சிங் செய்ததைச் சொல்கிறேன். 1948 பிப்ரவரி 6 அன்று, ஜம்மு-காஷ்மீரின் நௌஷேரா பகுதியில் தைந்தார் என்ற இடத்தில், 9 பேர் மட்டுமே கொண்ட காவல் அரணுக்கு ராஜ்புத் ரெஜிமென்டைச் சேர்ந்த அவர் பொறுப்பாக இருந்தார். முதல் தாக்குதலில் எதிரிகள் அரண் வரை வந்துவிட்டார்கள். இருந்த சிலரைக் கொண்டே அவர்களைச் சிதறடித்தார். அவருடைய ஆட்களில் நால்வர் காயமடைந்திருந்தார்கள். எஞ்சியவர்களை அடுத்த தாக்குதலுக்கு மீண்டும் ஒழுங்குபடுத்தினார். போரின் நடுவே செய்யப்படும் இந்த வேலையைத்தான் செக்‌ஷன் கமாண்டருக்கு வருடக்கணக்கில் கற்றுத்தருகிறார்கள். இரண்டாம் தாக்குதலில் பிரென் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியை இயக்கியவர் காயப்பட்டதும், தன் வலக்கையில் காயம் இருந்தும் அந்தத் துப்பாக்கியைத் தானே ஏற்றார். மூன்றாம் முறை எதிரிகள் வந்தபோது போரிடக்கூடியவர் அவர் ஒருவரே. ஸ்டென் துப்பாக்கியுடன் தனியாக வெளியே பாய்ந்து அவர்களைப் பின்வாங்கச் செய்தார். தலையிலும் மார்பிலும் குண்டு பாய்ந்து அங்கேயே இறந்தார். மறைவுக்குப் பின் அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. உங்கள் தம்பியின் கையில் உள்ள பட்டைதான் அன்று அவர் கையிலும் இருந்தது.