வோல்காவோடு முடிந்துவிட்ட வரைபடம்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி. துறைக் கருத்தரங்கில் இரண்டாம் உலகப்போரின் திருப்புமுனைகள் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். பிரிட்டன் வான்போர், மாஸ்கோ, மிட்வே, எல் அலமைன், ஸ்டாலின்கிராட், நார்மண்டி என்று ஆறு எடுத்து வைத்திருக்கிறேன். இவற்றில் முதன்மையானது எது? மாஸ்கோவிலும் ஸ்டாலின்கிராடிலும் ஜெர்மானியரை உண்மையில் தோற்கடித்தது ரஷ்யக் குளிர்காலம்தான் என்று உரையை முடிக்க நினைக்கிறேன். சரியா? நான் வரைந்த வரைபடத்தை இணைத்திருக்கிறேன். வரலாறு படித்து என்ன ஆகப்போகிறது என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

வரைபடத்தை அச்செடுத்து மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன். எங்கிருந்தோ எடுத்து ஒட்டாமல் நீங்களே மையால் வரைந்திருக்கிறீர்கள். டான் நதியும் வோல்காவும் நெருங்கி வந்து விலகிப்போகும் இடம் அத்தனை அழகாக வந்திருக்கிறது. அப்பாவிடம் வாதாட வேண்டாம். இதை அவர் கையில் கொடுங்கள், போதும்.

முதன்மையானது எது என்றால், வோல்கா கரையிலுள்ள ஸ்டாலின்கிராட் என்றே சொல்லுங்கள். பசிபிக் கடற்போரான மிட்வேக்கு இரண்டு நிமிடம் போதும்: 1942 ஜூனில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது, அந்த இழப்பை அதனால் ஈடுகட்ட முடியவில்லை. நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது கிழக்கில் ஜெர்மனி பின்வாங்கத் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. மற்றவற்றை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும்.

ஆனால் அந்தக் குளிர்காலம்! முதுகலை படிக்கும் ஒருவர் இப்படி எழுதலாமா? தோற்றுப்போன தளபதிகள் போருக்குப் பிறகு உட்கார்ந்து எழுதிய சாக்கு அது. பழியை ஹிட்லர்மீது பாதியும் பனிமீது மீதியும் போட்டுவிட்டால் தங்கள் கணக்குத் தப்பியதை யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? குளிர் இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஜெர்மன் சிப்பாய்க்குப் போதிய கம்பளி உடை இல்லாமல் போனதற்குக் காரணம், பனி விழும் முன்பே வேலை முடிந்துவிடும் என்று பெர்லினில் போட்ட திட்டம். 1942 நவம்பர் 19 அன்று தொடங்கி நான்கே நாளில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் தளபதி பவுலஸின் ஆறாவது படையை வளைத்துக்கொண்டது பனி அல்ல, சோவியத் டாங்கிகள். அந்த டாங்கிகள் எங்கிருந்து வந்தன என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லையே, அதுதான் என் வருத்தம்.

சென்ற வாரம் அப்பாவின் பட்டறையிலிருந்த கடைசி லேத்தை, அதாவது இரும்பைக் கடையும் இயந்திரத்தை, விற்றோம். அதிலிருந்து நான் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

1978இல் கோவையில் பீளமேட்டிலிருந்து கணபதிக்குப் பட்டறையை மாற்றினோம். இரண்டே லேத், ஒரு துளையிடும் இயந்திரம். நான்கைந்து கிலோமீட்டர் தூரம்தான். கான்கிரீட்டில் துருப்பிடித்து இறுகிக் கிடந்த போல்ட்டுகளைக் கழற்றவே ஒரு பகல் போயிற்று. சங்கிலிக் கப்பி கட்டித் தூக்கி, இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து உருட்டி லாரியில் ஏற்றினோம். புது இடத்தில் தளம் இறுகக் காத்திருந்தோம். பிறகு அப்பா ரசமட்டத்தை வைத்துக்கொண்டு குனிந்தவர்தான். ஒரு காலடியில் தகடு சொருகுவார், மட்டம் பார்ப்பார், உருவி எடுத்து மெல்லிய தகடு சொருகுவார். ஓட்டிப் பார்த்த முதல் தண்டு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வந்தது. மறுபடி தளர்த்தி, மறுபடி மட்டம். சரியான உருப்படி வெளிவர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் வீட்டில் வருமானம் கிடையாது.

இனி 1941ஐப் பாருங்கள். ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுத்தது. ஜூன் 24 அன்றே மாஸ்கோவில் வெளியேற்றக் குழு ஒன்றை அமைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 1,500க்கும் மேற்பட்ட பெரிய தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றிக் கிழக்கே அனுப்பிவிட்டார்கள். தொழிற்சாலைகள் என்றால் எங்கள் பட்டறையைப் போன்றவை அல்ல. டி-34 டாங்கி பிறந்த கார்கோவ் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி ரயில்கள் கிளம்பிய சில நாட்களில், அக்டோபர் 24 அன்று, நகரம் ஜெர்மானியர் கையில் விழுந்தது. இயந்திரங்கள் ரயில் வழியில் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் யூரல் மலைப்பகுதியிலுள்ள நிஷ்னி தாகில் என்ற ஊருக்குப் போயின. அங்கே ரயில் பெட்டி கட்டும் ஆலை ஒன்று இருந்தது. அதற்குள் இறக்கி, பூட்டி, மட்டம் பார்த்து, டிசம்பர் முடிவதற்குள் முதல் டாங்கிகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். வேறு பல ஊர்களில் சுவரும் கூரையும் எழும்புவதற்கு முன்பே இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. குளிர்காலம் என்று எழுதினீர்களே, அந்தக் குளிரில் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் இரும்போடு வேலை செய்தவர்கள் பெண்களும் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளும். எட்டாத பிள்ளைகள் பெட்டிமேல் ஏறி நின்று லேத் ஓட்டினார்கள்.

இதை வெறும் வீரக்கதையாகவும் சொல்லிவிடாதீர்கள். 1941 டிசம்பர் 26 ஆணைப்படி போர்த்தொழிற்சாலையை விட்டுப் போகும் தொழிலாளிக்கு ஐந்து முதல் எட்டு ஆண்டு சிறை. வோல்கா கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மானிய வம்சாவளியினரை நாடுகடத்தி, அவர்களில் பலரை யூரலில் கட்டாய வேலையில் அடைத்தார்கள். சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களில் இருந்த கைதிகளின் உழைப்பும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. பசியில் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

1942இல் சோவியத் ஒன்றியம் சுமார் 24,000 டாங்கிகளைக் கட்டியது. ஜெர்மனி அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அமெரிக்க உதவியைச் சேர்க்கவேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும், அமெரிக்கா அனுப்பிய லாரிகள் இல்லாமல் சோவியத் படை பெர்லின்வரை போயிருக்க முடியாது. ஆனால் அந்த உதவியில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது ஸ்டாலின்கிராடுக்குப் பிறகு. என்னைக் கேட்டால், போர் திரும்பிய நாளை எந்தப் போர்க்களத்திலும் தேடமாட்டேன். 1941 இலையுதிர்காலத்தில், குண்டு விழும் ரயில் நிலையம் ஒன்றில், யாரோ ஒரு ஃபிட்டர் போல்ட் ஒவ்வொன்றையும் எண்ணிப் பையில் கட்டி, அது எந்த இயந்திரத்துடையது என்று சீட்டு எழுதிச் செருகினாரே, அங்கே தேடுவேன். போல்ட் ஒன்று தொலைந்தால் என்ன ஆகும் என்பதைக் கணபதியில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வரைபடத்தில் வோல்காவுக்குக் கிழக்கே எதுவுமில்லை. காகிதம் முடிந்துவிட்டது. வலப்பக்கம் இன்னொரு தாளை ஒட்டுங்கள். நிஷ்னி தாகில், யூரலின் இன்னொரு ஊரான செல்யாபின்ஸ்க் இரண்டையும் குறியுங்கள். லெனின்கிராடின் கிரோவ் ஆலை இயந்திரங்கள் செல்யாபின்ஸ்குக்குத்தான் போயின. கார்கோவிலிருந்தும் லெனின்கிராடிலிருந்தும் ரயில் பாதைகளைக் கோடு போட்டு இழுங்கள். குளிர்காலம் பற்றிய வரியை எடுத்துவிட்டு உரையை அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.