கால் எட்டாத வண்டி – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எனக்கு மதுரைப் பக்கம். ஐந்து வருடங்களாக தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேலை. காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே ஊர்தான். சென்ற ஆண்டு யமஹா டெனெரே 700 மோட்டார்சைக்கிள் பற்றி ‘ஏணி வைத்து ஏறும் வண்டி’ என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதை வாங்கும் எண்ணத்தையே விட்டேன். சீட்டின் உயரம், டியூப் டயர், டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்கிற, சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் வசதிகூட இல்லாதது என்று மூன்று குறைகளைச் சொல்லியிருந்தீர்கள். போன மாதம் அதே வண்டியோடு, லெசோத்தோ நாட்டு எல்லையில் இருக்கும் சானி கணவாயில் நிற்கிற படத்தைப் போட்டிருக்கிறீர்கள். இப்போது வண்டியே உங்களுடையது என்றும் கேள்விப்பட்டேன். நாங்கள் எதை நம்புவது?

என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். டெனெரேயின் சீட் 875 மில்லிமீட்டர், ஹோண்டா டிரான்ஸால்ப் 850. இரண்டில் எனக்கு எது சரிவரும்? நான் பத்தாவது படிக்கும்போது அப்பா கடனுக்காகப் புல்லட்டை விற்றார். அப்புறம் கல்லூரியில் நண்பனின் வண்டியைக் கொஞ்சம் ஓட்டியதோடு சரி. ஆனால் இந்த இரண்டு வண்டிகளைப் பற்றியும் வந்த வீடியோக்கள் எல்லாம் பார்த்திருக்கிறேன்.

கே.

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள கே.,

முதலில் காந்தியை விட்டுவிடலாம். உங்கள் ஊரிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி அந்த ரயில் நிலையத்தில்தான் தொடங்குகின்றன.

இந்தக் கடிதம் இரண்டு மாதம் முன்பு வந்திருந்தால் பதில் எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பழைய குறிப்பை எடுத்துப் படித்து நானே நெளிந்துகொண்டிருந்த நேரத்தில் வந்து சேர்ந்தது. அந்தக் குறிப்பு எப்படி எழுதப்பட்டது தெரியுமா? நண்பர் ஒருவரின் வண்டியை இருபது நிமிடம் ஓட்டினேன். நான் இருக்கிற டர்பன் முழுக்க மேடும் பள்ளமும்தான். ஒரு பெட்ரோல் பங்கில் சரிவான இடத்தில் நிறுத்தும்போது தாழ்ந்த பக்கத்துக் காலை இறக்கினேன். அங்கே தரை இல்லை. 200 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள வண்டி மெதுவாக, மிக மரியாதையாக, படுத்துவிட்டது. பெட்ரோல் போடும் பையன்கள் இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருவன் சிரித்தான். தப்பு முழுக்க என்னுடையது. வீட்டுக்கு வந்த கையோடு எழுத உட்கார்ந்தேன். அதில் வண்டி குறைவு, அந்தப் பையனின் சிரிப்புதான் அதிகம்.

எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். நான் எழுதுவது கல்வெட்டு இல்லை, கே. டிராக்‌ஷன் கன்ட்ரோல் விஷயத்தையும் விடுங்கள், 2025 மாடலில் வந்துவிட்டது. டிரான்ஸால்ப் நல்ல வண்டி, சக்தியும் அதிகம், வாங்கினால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். என்னை உறுத்துவது அந்த 875-ம் 850-ம்தான். இரண்டரை சென்டிமீட்டர். உங்கள் முழுக் கடிதத்தில் இந்த இரண்டரை சென்டிமீட்டருக்குப் பதினான்கு வரி கொடுத்திருக்கிறீர்கள். அப்பா புல்லட்டை விற்றதற்கு ஒரு வரி.

நீங்கள் மதுரைக்காரர். குரங்குப் பெடல் போட்டிருக்கிறீர்களா? உங்கள் வயதுக்கு ஒருவேளை சின்ன சைக்கிள் வாங்கித் தந்திருப்பார்கள். ஆரணியில் எங்களுக்கு அந்த வசதி இல்லை. வாடகைக் கடையில் இருந்தது எல்லாம் பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள். சீட் என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். பாருக்குக் கீழே வலது காலை உள்ளே விட்டு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, இடுப்பை ஒடித்து, அரைப் பெடல் அரைப் பெடலாக மிதிப்போம். ஒன்பது வயதில் அப்படியே கமண்டல நாகநதிக் கரை வரைக்கும் போய் வந்திருக்கிறேன். சீட்டில் உட்காருகிற பேச்சே கிடையாது. கால் எட்டுமா என்று அந்தத் தெருவில் ஒரு பையனும் கேட்டதில்லை. எட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்துதான் கற்றுக்கொள்ளவே ஆரம்பித்தோம்.

அப்போது நாங்கள் கற்றுக்கொண்டது ஓட்டுவதை இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ஓட்டுவது இரண்டு நாளில் வந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதுதான் பாடம். மைல்கல், மதகு, யார் வீட்டுத் திண்ணை, மாட்டுத்தொட்டி. கால் வைக்க உயரமாக ஏதாவது இருக்கும் இடம் எது என்று பார்த்துக்கொண்டேதான் மிதிப்போம். அது தெரியாதவன் முள்வேலியில் போய் விழுவான். இந்த வித்தையைத் தெரிந்து வளர்ந்த நான் ஐம்பது வயது தாண்டிய பிறகு, கையில் காசு வந்த பிறகு, சமதளத் தரையில் இரண்டு பாதமும் முழுசாகப் பதிய வேண்டும் என்று அடம்பிடித்து ஒரு குறிப்பு எழுதினேன். நீங்கள் அதைப் படித்துவிட்டு வாங்குகிற எண்ணத்தையே விட்டீர்கள். நம் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு குட்டு வைக்க வேண்டும்.

கணக்காகவே கேட்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் கணக்கு. அந்த சீட் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது? வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 240 மில்லிமீட்டர் இடைவெளி. முன்பக்க ஃபோர்க் 210 மில்லிமீட்டர், பின்பக்கம் 200 மில்லிமீட்டர் அமுங்கி எழும். முன்சக்கரம் 21 அங்குலம். இவ்வளவையும் அடியில் வைத்துவிட்டு மேலே சீட்டைப் போட்டால் அது அங்கேதான் இருக்கும். தாழ்ந்த சீட் கிடைக்கிறது, அதைப் போடலாம், தப்பில்லை. பின்பக்க சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றி வண்டியையே இறக்குகிறார்கள். இறக்கினால் அந்த இடைவெளியும் குறையும், சைடு ஸ்டாண்டு நீளமாகிவிட்ட மாதிரி வண்டி நிமிர்ந்து நிற்கும், எப்போது அந்தப் பக்கம் சாயுமோ என்று பயம் வரும். அப்புறம், 850 என்று காகிதத்தில் போட்டிருப்பதாலேயே 875-ஐவிடக் கால் நன்றாக எட்டிவிடாது. சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் குட்டையாகிவிடும். டெனெரேயின் சீட் முன்பக்கம் ஒடுங்கலானது. இடது புட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு காலை ஊன்றினால் போதும், வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். இதெல்லாம் வீடியோவில் தெரியாது. உட்கார்ந்தால்தான் தெரியும்.

சரி, என் மனம் மாறியது இந்தக் கணக்கால் அல்ல. எதிர்வீட்டு மாமாவால். டர்பனில் இந்தியர்கள் நிறைந்த எங்கள் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் வயதான ஆண்கள் எல்லோரும் அங்கிள்தான், எனக்கு மட்டும் அவர் மாமா. எண்பது தாண்டிவிட்டது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நிறவெறி அரசால் குடும்பத்தோடு இங்கே பெயர்த்துக் கொண்டுவந்து போடப்பட்டவர். வாழ்நாள் முழுக்க ஃபிட்டர் வேலை. அவருடைய பாட்டனார் கப்பலேறியதும் வடாற்காட்டிலிருந்துதான், அதனால் என்மேல் கொஞ்சம் கூடுதல் உரிமை.

நண்பர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது, விற்கிறவரை ஓட்டிக்கொண்டிரு என்று டெனெரேயை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். மாமா ஊன்றுகோலோடு வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

“டியூபா தம்பி?”

“ஆமாம் மாமா. அதுதான் பெரிய குறை.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். குனிந்து ஹேண்டில்பாரிலிருந்து இன்ஜின் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனார். “கேபிள் கிளட்ச்சு. நல்லது. ரெண்டாவது கேபிள் எங்கே?”

எனக்குப் புரியவில்லை. அவர் காலத்தில் கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேபிளையும் அதே வழியில் ஓடவிட்டுக் கட்டி வைப்பார்களாம். ஒன்று அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம். டேங்க்கைக் கழற்ற வேண்டாம், விளக்கு வேண்டாம். இந்தக் காலத்துக் கேபிள் அவ்வளவு சீக்கிரம் அறுந்துபோகாது மாமா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலி கேட்டார்.

அவருடைய அக்காவை ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் கட்டிக்கொடுத்திருந்தது. அறுபதுகளில் இவர் டர்பனிலிருந்து ஒரு பழைய பி.எஸ்.ஏ. வண்டியில் வருடத்துக்கு இரண்டு தடவை போய் வருவார். 550 கிலோமீட்டருக்கு மேல். இந்தியர்கள் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவே பெர்மிட் வாங்க வேண்டிய காலம், 1975 வரைக்கும் அப்படித்தான். வான் ரீனன் கணவாய் ஏறினால் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். பேரில் மட்டும் ஃப்ரீ. ஆசியர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது, கடை வைக்கக் கூடாது, நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1891-இல் போட்ட சட்டத்தை 1980-களின் நடுவில்தான் எடுத்தார்கள். கடந்து போகலாம், தங்க முடியாது. ஹாரிஸ்மித், வார்டன், வில்லியர்ஸ் என்று ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதற்கப்புறம் வால் நதி, தாண்டினால் அக்கா இருந்த டிரான்ஸ்வால் மாகாணம்.

“நிக்காம போற வண்டி வேணும் தம்பி. நின்னுட்டா, இருட்டுக்கு முன்னாடி என் கையால கிளப்பற வண்டி வேணும். வேற என்ன பாக்கறது?”

ஒரு தடவை வார்டன் பக்கத்தில் பின்டயர் பங்சர். பொழுது சாய்கிற நேரம். இரண்டு லீவர், ஒட்டுப் போடும் சாமான், கைப்பம்பு எல்லாம் சீட்டுக்கு அடியில் இருந்தன. பின்னால் எந்த வண்டியின் வெளிச்சம் வந்தாலும் போலீஸோ என்று கை நின்றுவிடுமாம். ஒட்டிவிட்டுக் கிளம்பினார். அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் பையில் அப்படியே இருந்தன. இங்கே கட்டுச்சோற்றுக்கு ‘பாட்கோஸ்’ என்று பேர், எல்லோரும் ஆசையாகச் சொல்கிற ஆப்பிரிகான்ஸ் சொல். வழியில் எந்த ஓட்டலுக்குள்ளும் விடமாட்டார்கள் என்பதால் நம் ஆட்கள் அதைக் கட்டிக்கொண்டு போனார்கள். நதியைத் தாண்டிய பிறகுதான் அவர் பொட்டலத்தைப் பிரித்தார். ரொட்டி விறைத்துப் போயிருந்ததாம். இன்று அதே வழியில் போகும் என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித்தில் இறங்கி, காபி சுமார்தான் என்று நான் முகம் சுளித்திருக்கிறேன்.

நான் குறை என்று எழுதிய டியூப்பும், நான் சிரித்த கேபிளும், எதுவுமே இல்லாத அந்த மொட்டை வண்டியும் அவருக்குத் தன் கையாலேயே கிளப்பிவிடக்கூடியவையாகத் தெரிந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இரண்டாவது கேபிள் வாங்கி ஓடவிட்டேன். அவர் வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அதோடுதான் சானிக்குப் போனேன். அண்டர்பெர்க், ஹைம்வில் என்ற ஊர்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சரளை ரோடு. தகரக்கூரை மாதிரி வரிவரியாக இருக்கும். இங்கே அதற்குப் பேரே தகரம்தான், ‘சிங்க்ப்ளாட்’. மெதுவாகப் போனால் பல் கழன்றுவிடும். எழுந்து நின்று கொஞ்சம் வேகம் பிடித்தால் வண்டி வரிகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். அங்கேதான் எனக்கு உறைத்தது: சீட் என் முழங்காலுக்குப் பின்னால் எங்கோ இருந்தது, அது எவ்வளவு உயரம் என்று யோசிக்கவே இல்லை. தென்னாப்பிரிக்கச் சோதனைச்சாவடி தாண்டி, கடைசிக் கொண்டை ஊசி வளைவுகளில் தேங்காய் அளவுக் கற்கள். 2,800 மீட்டருக்கு மேல் போய் லெசோத்தோ எல்லையைத் தொடுகிறவரை மூன்று முறைதான் காலை ஊன்றினேன். மூன்று தடவையும் முன்கூட்டியே ஒரு கல்லைப் பார்த்துவைத்து, அதன்மேல். நாகநதிக்கரை மைல்கல்லில் வைத்த அதே இடது கால்.

கேபிள் அறுந்ததா என்று கேட்காதீர்கள். அறுந்துபோகவில்லை.

டெனெரேயில் எனக்கு இப்போதும் குறை உண்டு. டேங்க்கில் 16 லிட்டரும் நிரம்பியிருந்தால் எடை முழுக்க மேலே நிற்கிறது, கராஜிலிருந்து பின்னால் தள்ளி எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் திட்டுகிறேன். நெடுஞ்சாலையில் மணிக்கட்டு மரத்துப்போகிறது. பழைய குறிப்பை நீக்கப்போவதில்லை. அதன் கீழேயே இந்தப் பதிலின் சுட்டியைப் போட்டுவிடுகிறேன்.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். டெனெரேயா, டிரான்ஸால்பா? உங்களுக்கு இரண்டும் இப்போது வேண்டாம் என்று நினைக்கிறேன். புல்லட் போனதிலிருந்து உங்களுக்குள் ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கிறது, அதை வீடியோ பார்த்துக் கிளப்ப முடியாது. 80 கிலோமீட்டர்தானே, ஒரு சனிக்கிழமை காலை இங்கே வாருங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் மைதானம் இருக்கிறது. 125 சிசிக்கு மேல் ரோட்டில் ஓட்ட இங்கே ‘ஏ’ லைசென்ஸ் வேண்டும், அதனால் மைதானத்தைத் தாண்ட விடமாட்டேன். மாமா ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஃப்ரீ ஸ்டேட் கதையை நீங்களாகக் கேட்க வேண்டாம், அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கணுக்காலை மூடுகிற ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். செருப்போடு வந்தால் சாவி கிடையாது.

அன்புடன்.