வைஃபை நெரிசல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ். மகன் கைப்பேசிப் படங்களை கூகுள் டிரைவில் ஏற்றத் தொடங்கியதும் என் ஜூம் கூட்டத்தில் குரல் அறுந்து அறுந்து வருகிறது. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறலாமா?

பதில்: இப்போது மாற வேண்டாம். குரல் அழைப்பு ஒன்றுக்கு 100 கேபிபிஎஸ், அதாவது 0.1 எம்பிபிஎஸ், இருந்தாலே போதுமானது. ஆகவே இங்கே குறைவது வேகமல்ல, கூடுவது தாமதம். மேலேற்றப் பாதை நிரம்பியதும் மிஞ்சும் பாக்கெட்டுகளை (தரவின் சிறு துண்டுகளை) ரவுட்டரோ மோடமோ கைவிடாமல் நீண்ட வரிசையில் தேக்கி வைப்பதால், உங்கள் குரலைச் சுமந்த சிறு பாக்கெட்டும் படங்களின் பின்னால் காத்து நிற்க நேர்கிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது மறுமொழி வர ஆகும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். 20 மில்லிசெகண்டாக இருந்தது 300-ஐத் தாண்டினால் நோய் இதுதான். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையின் நீளத்தைப் பாராமல் ஒவ்வொரு பாக்கெட்டும் அதில் எவ்வளவு நேரம் தங்கியது என்பதைக் கணக்கிட்டுத் தேக்கத்தைக் குறைக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல இயங்குதளத்தை நிறுவக்கூடிய ரவுட்டரில், இப்படி வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் வசதியைச் சேர்த்து, நீங்கள் அளந்த வேகத்தில் 90 விழுக்காட்டை வரம்பாகக் கொடுங்கள். அந்தப் பத்து விழுக்காட்டை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் கட்டுப்பாட்டிலுள்ள ரவுட்டரில் உருவாகும்.

கேள்வி: மாணவர் விடுதியில் ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் என்று வரம்பு வைத்தும் மாலை நேரத்தில் வைஃபை படுத்துவிடுகிறதே?

பதில்: நீங்கள் வைத்த வரம்பு இணைய இணைப்பைப் பங்கிடுகிறது, காற்றலை நேரத்தைப் பங்கிடுவதில்லை. ஒரு சேனலில் (வைஃபை அலைவரிசையில்) பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். 1500 பைட் பாக்கெட்டை 300 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் மடிக்கணினி 0.04 மில்லிசெகண்டில் அனுப்பிவிட, கோடி அறையில் 6 எம்பிபிஎஸ் வேகத்தில் தடுமாறும் கைப்பேசிக்கு அதே பாக்கெட்டுக்கு 2 மில்லிசெகண்ட், அதாவது ஐம்பது மடங்கு நேரம், தேவைப்படுகிறது. அந்த ஒரு கைப்பேசியால் எல்லோரும் காத்திருக்கிறார்கள். பழைய 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் வேகங்களை அணைத்துவிடுங்கள். கருவிகளுக்குக் காற்றலை நேரத்தைச் சமமாகப் பங்கிடும் ஏர்டைம் ஃபேர்னஸ் வசதி இருந்தால் இயக்குங்கள். தொலைவிலுள்ள அறைகளுக்கு ரிப்பீட்டர் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே சேனலில் இயங்கும் ரிப்பீட்டர் அதே பாக்கெட்டை இரண்டாம் முறையும் காற்றில் விடுகிறது. கேபிள் இழுத்து இன்னொரு அக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் கருவி) வைப்பதே சரி. நிலையான வரம்புக்குப் பதிலாக, மைக்ரோடிக் ரவுட்டர்களில் உள்ள பிசிக்யூ போல, அந்த நேரத்தில் பயன்படுத்துவோருக்குள் மட்டும் சமமாகப் பிரிக்கும் முறையைக் கையாண்டால், நள்ளிரவில் தனியாகப் படிக்கும் மாணவருக்கு முழு வேகமும் கிடைக்கும்.

கேள்வி: அக்கம்பக்கத்தார் எல்லோரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களில் இருப்பதால் நான் 3-ஐத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: கூடாது. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு முறைவைத்துப் பேசுகின்றன; 3-இல் நீங்கள் பேசினால் 1-க்கும் 6-க்கும் அது வெறும் இரைச்சலாகவே போய்ச் சேரும். கருவி ஏற்குமானால் 5 கிகாஹெர்ட்ஸுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: டபிள்யூஎம்எம் வசதியை அணைத்தால் வேகம் கூடுமா?

பதில்: குறையும். குரலுக்கும் காணொளிக்கும் முன்னுரிமை தருவது அதுதான். அதை அணைத்தால் 802.11என் (வைஃபை 4) முதலான புதிய கருவிகள்கூடப் பெரும்பாலும் பழைய 54 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும்.