பசங்களுக்கு ரோட்ட சொல்லிக்கொடுக்கிறது: கேளுங்க, பதில் சொல்றேன்

டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறதுதான் நம்ம பொழப்பு, ஸ்கூல் காலேஜ்னு போய் பசங்ககிட்ட பேசுறதும் உண்டு. ஒரே மாதிரி வந்த கேள்விய எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன், விட்டுப்போச்சுன்னா கோவிச்சுக்காம திரும்ப கேளுங்க.

கேள்வி: அண்ணே, பையனுக்கு ஆறு வயசு. ரெண்டு பக்கமும் பாத்துட்டு க்ராஸ் பண்ணுடான்னா கரெக்டா பாக்குறான், ஆனா வண்டி வரும்போதே கால வைக்கிறான். எப்ப தனியா விடலாம்?

பாக்குறான்மா, பாத்தத வச்சு கணக்கு போடத்தான் வரல. அந்த வயசுல வண்டி எவ்ளோ தூரத்துல இருக்குங்கிறதுதான் மனசுல நிக்கும், எவ்ளோ வேகமா வருதுங்கிறது நிக்காது, தூரமா இருந்தா போயிடலாம்னு எறங்கிடுவான். அதுக்கு திட்டி பிரயோஜனமே இல்ல. ஒம்போது பத்து வயசுக்கு மேலதான் கொஞ்சம் கொஞ்சமா புடிபடும், அதுவும் புள்ளைக்கு புள்ள மாறும். அதுவரைக்கும் கைய புடிங்க, ஆனா இழுத்துட்டு ஓடாதீங்க. "இப்ப போலாமா, நீ சொல்லு"ன்னு அவன்கிட்ட கேளுங்க. தப்பா "போலாம்"னு சொன்னான்னா ஓரத்துலயே நின்னு, அந்த வண்டி உங்கள கடந்து போறத காட்டுங்க, அது ஒண்ணு போதும், நூறு அட்வைஸ் வேணாம். இன்னொண்ணு, நிப்பாட்டி வச்சிருக்கிற ரெண்டு காருக்கு நடுவுல பூந்து க்ராஸ் பண்ணவே விடாதீங்க, அவன் தல பானெட்டுக்கு மேல தெரியாது, வர்றவருக்கு அங்க ஒரு புள்ள இருக்குன்னே தெரியாது.

கேள்வி: அண்ணா எனக்கு 18. லைசென்ஸ் இருக்கு, கன்ட்ரோல் செமயா இருக்கு, பிரேக்கும் நல்லா புடிக்கும். 40-க்கு மேல போகாதன்னு வீட்ல உசுர வாங்குறாங்க. 60-ல போனா என்ன?

தம்பி, கன்ட்ரோல் இருக்குன்னே வச்சிப்போம், கணக்க மட்டும் பாரு. ரோட்டுல ஏதோ குறுக்க வருது, கண்ணு பாத்து மூளை புரிஞ்சு கை பிரேக்குக்கு போக சுமாரா ஒன்றரை செகண்ட் ஆகும், அதுவரைக்கும் வண்டி அதே வேகத்துல ஓடிக்கிட்டுதான் இருக்கும். 40-ல போனா அந்த நேரத்துல 17 மீட்டர் போயிருப்ப, அப்புறம் பிரேக்குல ஒரு 9 மீட்டர், காஞ்ச ரோடா இருந்தா மொத்தம் 26 மீட்டர்ல நின்னுடுவ. 60-ல போனா அந்த ஒன்றரை செகண்டுக்கே 25 மீட்டர் காலி. அதாவது 40-ல வந்தவன் நின்னு முடிச்ச எடத்துல, 60-ல வந்தவன் அப்பதான் பிரேக்க தொடவே ஆரம்பிக்கிறான், கிட்டத்தட்ட முழு வேகத்தோட. பிரேக் எவ்ளோ நல்லா புடிச்சா என்ன, இன்னும் புடிக்கவே ஆரம்பிக்கலையே. இதுல போன பாத்துக்கிட்டு வந்தேன்னா அந்த ஒன்றரை செகண்டும் மூணாகும், மழைன்னா பிரேக் தூரமும் கூடும். மழ புடிச்ச மொத கொஞ்ச நேரம்தான் ரொம்ப மோசம், ரோட்டுல கெடக்குற எண்ணெயும் தூசியும் தண்ணில கலந்து வழவழன்னு ஆயிடும்.

கேள்வி: என் பொண்ணு தனியா ஓட்டும்போது அவ்ளோ நிதானம். ஃப்ரெண்ட்ஸ் ஏறுனா வேற ஆளா மாறிடுறா. நான் அதிகமா கவலப்படுறேனா?

இல்லக்கா, சரியாத்தான் கவனிச்சிருக்கீங்க. 2005-ல கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, கம்ப்யூட்டர்ல கார் ஓட்டுற கேம், தனியா ஒரு குரூப்பு, கூட்டாளிங்க பக்கத்துல நிக்க ஒரு குரூப்பு. விடலப் பசங்க ஆள் பாக்குறாங்கன்னா ரெண்டு மடங்கு கிட்ட ரிஸ்க் எடுத்தாங்க, 24 தாண்டினவங்ககிட்ட பெருசா மாத்தமே இல்ல. கெட்ட புள்ளைன்னு அர்த்தமில்ல, அந்த வயசு மூளை அப்படி. நியூசிலாந்துல 1987-லயே புது லைசென்ஸ்காரங்களுக்கு படிப்படியாத்தான் உரிமை, மொதல்ல ராத்திரி ஓட்டக்கூடாது, பசங்கள ஏத்திக்கிட்டு ஓட்டக்கூடாதுன்னு கொண்டுவந்தாங்க, அப்புறம் பல நாடு அத எடுத்துக்கிச்சு. சட்டம் இல்லாட்டியும் வீட்லயே நீங்க வைக்கலாம்: மொத ஆறு மாசம் ஃப்ரெண்ட்ஸ் இல்ல, ராத்திரி இல்ல. அப்புறம் ஒருத்தர், அப்புறம் ரெண்டு. சண்ட போடுவா, போடட்டும்.

கேள்வி: வழுக்குற ரோட்ல ஸ்கிட் ஆனா எப்படி சமாளிக்கிறதுன்னு அட்வான்ஸ்டு கோர்ஸ் இருக்காம். பையன சேக்கலாமா?

காசுக்கு சொல்லித்தர்ற நானே சொல்றேன், அவசரப்படாதீங்க. நார்வேல இந்த ட்ரெயினிங்க கட்டாயமாக்கி பாத்தாங்க, இளவட்ட ஆம்பளப் பசங்ககிட்ட விபத்து கொறையறதுக்கு பதிலா கூடிச்சு. காரணம் ரொம்ப சிம்பிள், எனக்குத்தான் சமாளிக்க தெரியுமேன்னு இன்னும் வேகமா போக ஆரம்பிச்சிட்டாங்க. வண்டிய அடக்குறது ஒரு மாசத்துல வந்துடும், ரோட்ட முன்கூட்டியே படிக்கிறதுதான் வருஷக்கணக்குல வரும்.

அதுக்கு நான் பண்ற பயிற்சி, செலவே இல்ல: வாயால ஓட்டச் சொல்றது. நீங்க ஓட்டும்போது அவன் பக்கத்துல உக்காந்து கண்ணுல பட்டத எல்லாம் சத்தமா சொல்லிக்கிட்டே வரணும். "முன்னாடி நிக்கிற கார்ல ஆள் தல தெரியுது, கதவு தொறக்கலாம். அந்த வண்டி முன் சக்கரம் திரும்பியிருக்கு, கெளம்பப் போகுது. பந்து உருண்டு வருது, பின்னாடியே புள்ள வரும்." மொத நாள் வாயே தெறக்க மாட்டான், வெக்கமா இருக்கும்பான். கொஞ்ச நாள்ல நீங்க கவனிக்காதத அவன் சொல்லுவான். அப்புறம் சீட்ட மாத்திக்கிட்டு அவன் ஓட்டிக்கிட்டே சொல்லணும். பேச்சு நின்னுச்சுன்னா கவனம் எங்கயோ போச்சுன்னு அர்த்தம், கேளுங்க.

கேள்வி: ஹெல்மெட் போடுறா, ஆனா ஸ்ட்ராப் போட மாட்டேங்குறா.

அப்ப போடலன்னுதான் கணக்கு, விழும்போது அது தனியா போகும் தல தனியா போகும். ஸ்ட்ராப்புக்கும் தாடைக்கும் நடுவுல ரெண்டு வெரல் போற அளவு, அவ்ளோதான் லூஸ். போட்டுக்கிட்டு தலய ஆட்டச் சொல்லுங்க, ஹெல்மெட் மட்டும் சுத்துச்சுன்னா சைஸ் தப்பு. பலமா ஒரு தடவ அடி வாங்குனத வெளிய நல்லா இருந்தாலும் மாத்திடுங்க, உள்ள இருக்கிற நுரை நசுங்கியிருக்கும்.

கேள்வி: சார், நான் டீச்சர். ரோடு சேஃப்டி கிளாஸ்ல விபத்து போட்டோ காட்டி பயமுறுத்தலாமா?

என் அபிப்ராயம், வேணாம். உலக அளவுல 5-லிருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்க சாவுக்கு மொத காரணமே ரோடு விபத்துதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனா போட்டோவ பாத்துட்டு "ஐயோ"ம்பாங்க, அது நமக்கு நடக்காதுன்னு சாயங்காலமே மறந்துடுவாங்க. அதுக்கு பதிலா கிரவுண்டுக்கு கூட்டிட்டு போயி டேப்ப புடிச்சு மேல சொன்ன 26 மீட்டர அளந்து நிக்க வைங்க டீச்சர். முடிஞ்சா ஒரு லாரிய நிப்பாட்டி ஒவ்வொருத்தரா டிரைவர் சீட்ல ஏத்தி, கீழ பக்கத்துல நிக்கிற பசங்க கண்ணாடில தெரியுறாங்களான்னு பாக்க விடுங்க. கண்ணாடில டிரைவர் மூஞ்சி உனக்கு தெரியலன்னா அவருக்கு நீ தெரியலன்னு அப்ப தானா புரியும். பெரிய வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்து தடத்துல வராது, உள்பக்கமா அறுத்துக்கிட்டு வரும், சைக்கிள் பசங்க மாட்டுறது அங்கதான், அதையும் சாக்பீஸ்ல கோடு போட்டு காட்டுங்க.

கேள்வி: போன் பேசிட்டே ஓட்டாதன்னு பையன்கிட்ட சொன்னா "நீங்க மட்டும் பேசலாமா"ங்குறான். ஹேண்ட்ஸ்ஃப்ரீலதான் பேசுறேன், அது பரவால்ல தானே?

பையன் கேட்டது சரிங்க. கை ஃப்ரீயா இருக்கு, புத்தி பேச்சுல இருக்கு, அதனால ஹேண்ட்ஸ்ஃப்ரீல பெரிய வித்தியாசம் ஒண்ணும் கெடயாது. பின்சீட்ல உக்காந்து வருஷக்கணக்கா உங்க கிட்டதான் அவன் டிரைவிங் கத்துக்கிட்டு இருக்கான், என்கிட்ட வர்றது கடைசி ஒரு மாசம்தான். கார்ல ஏறுனதும் போன அவன் கைல குடுத்துடுங்க. கால் வந்தா "அப்பா ஓட்டிட்டிருக்காங்க, அப்புறம் பேசுவாங்க"ன்னு அவனே சொல்லட்டும்.