பிரிட்டிஷ் ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்தில் டிரம்ஸ் சத்தம் ஏன் அவ்வளவு வித்தியாசமாக இருக்கிறது?

முதல் காரணம், இந்த மூன்றாவது தனி ஆல்பத்தில் சிம்பல் தட்டுகளே வேண்டாம் என்று கேப்ரியல் சொல்லிவிட்டார்.

இரண்டாவது காரணம், ஒலிப்பதிவு செய்த விதம். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் டிரம்மர் பில் காலின்ஸ் வாசித்தபோது, இசைக்கலைஞர்களோடு பேசுவதற்காக வைத்திருந்த மைக்கின் ஒலியை ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்ஜம் பயன்படுத்தினார். அதிலிருந்த கம்ப்ரஸர், அதாவது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்து மெல்லிய ஒலிகளையும் தூக்கிக் காட்டும் கருவி, அறையின் எதிரொலியைப் பிரம்மாண்டமாக்கியது. அப்புறம் நாய்ஸ் கேட் என்ற கருவி அந்த எதிரொலியைக் கத்தரித்தாற்போல் சட்டென்று நிறுத்திவிடும். சிம்பல் இருந்திருந்தால் அதன் நீண்ட ரீங்காரம் எல்லாவற்றையும் குழப்பியிருக்கும்.

முதல் பாடலான 'இன்ட்ரூடர்' தொடங்கும்போதே இதைக் கேட்கலாம். எண்பதுகளின் பாப் இசையெங்கும் இந்தச் சத்தம் பரவியது. ஆனாலும் இந்தப் பாட்டில் இருக்கும் மிரட்டல் வேறெதிலும் வரவில்லை என்றுதான் சொல்வேன். நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.