குஞ்சு விடுவதற்கு முன்னால்

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம், பாமணியாற்றுப் பாசனம். ஊர்க்குளத்தில் வலை போட்டால் ஜிலேபிக் கெண்டைதான் வருகிறது. இளைஞர்கள் பணம் போட்டு விரால் குஞ்சு வாங்கி விடலாம் என்றிருக்கிறோம். நாட்டு மீன் திரும்புமா?

பதில்: பணத்தைக் கொஞ்ச நாள் பையிலேயே வையுங்கள். குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கட்லா, ரோகு விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கு போட்டாரா என்று விசாரியுங்கள். போட்டிருந்தால் அயிரை, உளுவை, கெளுத்தி எல்லாம் அன்றைக்கே மல்லாந்து மிதந்திருக்கும், அவர் கணக்கில் அவை களை மீன். போனாலும் அடுத்த வருஷம் புதுத்தண்ணீரோடு ஏறி வந்துவிடும் என்று ஒரு காலத்தில் தைரியமாக இருந்தோம். இப்போது அந்த வழியையே அடைத்துவிட்டோமே!

டெல்டா மீனுக்குக் குளம் ஒரு தங்குமிடம், அவ்வளவுதான். மேட்டூரில் திறந்த தண்ணீர் நீடாமங்கலத்தில் ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு தாண்டிப் பாமணிக்கு வந்ததும், சினை மீன் வாய்க்காலில் ஏறி, மடை வழியே வயலுக்குள் போய் முட்டையிட்டு, தண்ணீர் வற்றும்போது மடுவுக்கோ குளத்துக்கோ இறங்கும். நாமோ முதல் தண்ணீருக்கே மதகு வாயில் கொசுவலை கட்டுகிறோம். விரால் குஞ்சுகளைப் பார்த்திருப்பீர்கள், செக்கச்செவேலென்று ஒரு கும்பலாக நீர்மட்டத்தில் கொப்பளிக்கும், அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அந்தக் கும்பலைக் குறிவைத்துத் தூண்டில் போடுகிற ஆள் உங்கள் ஊரிலும் இருப்பார் (எங்கள் ஊரில் மூன்று பேர்). காவல் போனால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை.

ஆகவே குளத்தை விட்டு வாய்க்காலுக்கு வாருங்கள். தலைப்பிலிருந்து கடைமடை வரை எந்தெந்த ஊர், எந்தக் குத்தகைதாரர், மதகைத் திறந்து மூடும் லஸ்கர் யார் என்று எழுதுங்கள். கோடையில் தூர்வாரும்போது தரையை ஒரே மட்டமாக வழித்துவிடாமல் இடையிடையே மடுவை விட்டுவைக்கும்படி நீர்வளத்துறைப் பொறியாளரிடம் எல்லா ஊரும் சேர்ந்து கேளுங்கள். ஒரு ஊர் மட்டும் கேட்டால் மனுவோடு நின்றுவிடும்.

கேள்வி: இத்தனை ஊரைச் சேர்ப்பது நடக்கிற காரியமா?

பதில்: கஷ்டம்தான். ஆனால் அமெரிக்காவில் புரூக் டிரவுட் என்ற ஓடை மீனுக்காக, மெய்னிலிருந்து ஜார்ஜியா வரை 17 மாநிலங்களில் அரசுத் துறைகளும் தூண்டில்காரர் சங்கங்களும் ஒரே கூட்டணியாக வேலை செய்கிறார்கள். முதலில் சின்னச் சின்ன நீர்ப்பிடிப்பாகப் பிரித்து, எங்கே மீன் நன்றாக இருக்கிறது, எங்கே அற்றுப்போனது என்று கணக்கெடுத்தார்கள். நன்றாக இருக்கிற ஓடையைக் காப்பதற்குத்தான் முன்னுரிமை. சாலைக்கு அடியில் மீனை மறித்த குழாய்களையும் மாற்றினார்கள். நாம் நேரெதிர், செத்த குளத்துக்குத்தான் முதல் குஞ்சு!

அயிரையும் தேளியும் இன்னும் எந்த வாய்க்காலில் கிடைக்கிறது என்று தெருவில் மீன் விற்கும் அம்மாவைக் கேளுங்கள், அங்கிருந்து தொடங்கலாம். பெயர் தெரியாத மீன் கிடைத்தால் படமெடுத்து நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள்.

கேள்வி: ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கலாமா? சீக்கிரம் எடை வைக்கிறதாமே?

பதில்: கூடாது. 2000-லேயே மத்திய அரசு தடை செய்த மீன் அது. ஐப்பசி மழையில் பண்ணைக் கரை உடைந்தால் நேரே வாய்க்காலுக்குப் போய், கிடைத்ததையெல்லாம் தின்னும். மலிவு என்று குஞ்சு கொண்டுவருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.