தாத்தாவோட சவரக் கத்தி

கேள்வி: ராயபுரத்துல சலூன் வெச்சிருந்த எங்க தாத்தாவோட சவரக் கத்தி ட்ரங்குப் பெட்டியில கெடைச்சுது சார். சோலிங்கன்னு அடிச்சிருக்கு, அங்கங்க துரு. தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட குடுத்துரவா?
- காசிமேடு வாசகர்

பதில்: ஐயோ வேணாம் தம்பி. அவரு அருவாமனைக்கும் மீன் வெட்டுற கத்திக்கும் கில்லாடிதான், ஆனா சக்கரத்துல பொறி பறக்கற வேகத்துக்கு இந்த மெல்லிசு வாய் தாங்காது, சட்டுனு சூடேறி நீலம் பூத்துரும், பதம் போயிடும், அப்புறம் எவ்ளோ தீட்டுனாலும் கூர் நிக்காது. சோலிங்கன்றது கம்பெனி பேர் இல்ல, கத்திக்கே பேர்போன ஜெர்மனி ஊரு, அதனால பொறுமையா செய்யலாம்.

துரு பக்கவாட்டுல மட்டும் இருந்தா 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல எண்ணெய் தொட்டு தேய்ங்க, போயிடும். வாய் ஓரத்துல குழி விழுந்திருந்தா அந்தக் குழி தாண்டுற வரைக்கும் இரும்பு தேயணும், வேற வழி இல்ல.

அடுத்து 1000 நம்பர் தண்ணிக்கல்லு, அதாவது தண்ணியில நனைச்சு தீட்டுற கல்லு, நம்பர் ஏற ஏற கல்லு நைஸா இருக்கும். முதுகும் வாயும் ரெண்டுமே கல்லுல படியணும், கோணத்தை அந்த முதுகோட தடிமனே பாத்துக்கும், நீங்க தூக்கிப் புடிச்சா கெட்டுது. வாய் முன்னாடி போற மாதிரி தள்ளுங்க, அழுத்தாதீங்க. வாய் ஓரமா மார்க்கர்ல கோடு போட்டுட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்க, மை எங்க ஒட்டிட்டு இருக்கோ அங்க கல்லு படலன்னு அர்த்தம். வாயோட முழு நீளமும் கையில இருக்கற முடியை வழிக்கிற வரைக்கும் 1000-ஐ விட்டு நகராதீங்க, முக்காவாசி பேர் இங்கதான் அவசரப்பட்டுட்டு கல்ல திட்டுவாங்க. மிச்சம் 4000, 8000, முடிஞ்சா 12000, அதெல்லாம் பாலிஷ்தான்.

கடைசில தோல் வார்ல கத்திய இழுத்துத் தீட்டணும், ஒரு அம்பது தடவ. இங்க தலகீழ், முதுகுதான் முன்னாடி போவணும், திருப்பும்போதும் முதுகு மேலயே புரட்டணும். நான் ஒரு நாள் பேச்சு சுவாரஸ்யத்துல வாய் பக்கமா புரட்டிட்டேன், என் வார்ல பிறை மாதிரி ஒரு வெட்டு இன்னும் இருக்கு.

ஒண்ணு, இத உங்களுக்கு மட்டும் வெச்சுக்கங்க, ரத்தம் படுற சாமான், சலூன்ல பிளேடு மாத்துற கத்தி வந்ததே அதுக்குத்தான். உங்க ஏரியா உப்புக்காத்துக்கு ஒரே ராத்திரியில புள்ளி விழுந்துரும், சவரம் முடிஞ்சதும் ஈரம் போக தொடச்சு ரெண்டு சொட்டு மிஷின் எண்ணெய் தடவிட்டு பாத்ரூம்ல வெக்காம பீரோல வைங்க.